ராஜினாமா யாருக்குச் சொந்தம்?

1999-ம் வருஷம், மே மாதம். நம்மூரில் கத்திரி வெயில் என்றால் டெல்லியில் 'லூ' என்று ஓர் அனல் காற்று. அது முகத்தில் அறைகிற நேரத்தில், ஜன்பத் சாலை 10-ம் நம்பர் வீட்டு வாசலில் கூட்டமான கூட்டம். ஒரு பக்கம் உண்ணாவிரதம், இன்னொரு பக்கம் கொடும்பாவி எரிப்பு, நடுவில் அழுகை. எல்லாக் கோஷத்துக்கும் அர்த்தம் ஒன்றுதான்: 'மேடம், எங்களை விட்டுட்டுப் போயிடாதீங்க!'

காங்கிரஸ் தலைவர் பதவியை மே 17-ம் தேதி ராஜினாமா செய்திருந்தார் சோனியா காந்தி.

கொஞ்சம் முன்கதை. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஏப்ரல் 17-ம் தேதி, வாஜ்பாய் அரசு ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்தது. '272 பேர் எங்கள் பக்கம்' என்று சோனியா சொன்னார். முலாயம் சிங் கைவிரித்தார். கணக்கு உதைத்தது. தேர்தல் வந்தே தீரும் என்று ஆயிற்று. அந்த நேரத்தில்தான் கட்சிக்குள்ளிருந்து மூன்று பேர் எழுந்து நின்றார்கள். சரத் பவார், மக்களவையில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர். பி.ஏ. சங்மா, முன்னாள் சபாநாயகர். தாரிக் அன்வர், பீகார்க்காரர். 'வெளிநாட்டில் பிறந்த ஒருவரை பிரதமர் வேட்பாளராக எப்படி நிறுத்துவது? இந்த மண்ணில் பிறந்தவர்கள்தான் ஜனாதிபதி, துணை ஜனாதிபதி, பிரதமர் ஆகலாம் என்று சட்டத்தையே திருத்த வேண்டும்' என்று கடிதம் எழுதினார்கள்.

'என் சகாக்களுக்கே என் மேல் நம்பிக்கை இல்லாதபோது நான் எதற்கு?' என்ற பொருளில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டு விலகினார் சோனியா.

அடுத்த ஒரு வாரம் அந்தக் கட்சி இயங்கிய வேகத்தைப் பாருங்கள். காங்கிரஸ் முதல்வர்கள் 'நீங்கள் இல்லையென்றால் எங்களுக்கும் பதவி வேண்டாம்' என்று கிளம்பினார்கள். மே 20-ம் தேதி அந்த மூன்று பேரும் ஆறு வருஷத்துக்குக் கட்சியிலிருந்து நீக்கம். மே 24-ம் தேதி ராஜினாமா வாபஸ். மறுநாள் தால்கட்டோரா ஸ்டேடியத்தில் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டியின் சிறப்புக் கூட்டம், ஆரவாரம், கை தட்டல். எட்டே நாளில் எல்லாம் முடிந்தது.

பவார் கேட்டது சரியா, தப்பா என்ற பஞ்சாயத்துக்குள் நான் போகப் போவதில்லை. அதைப் பேசிப் பேசி அலுத்தாயிற்று. அந்தக் கேள்வி தப்பு என்று நினைக்கிறவர்களுக்கும் சேர்த்து இன்னொரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. மே 17 காலையில் கட்சி முன்னால் இருந்த கேள்வி, 'நம்முடைய பிரதமர் வேட்பாளராக யார் இருப்பது?' அதே நாள் ராத்திரி கேள்வி மாறிவிட்டது: 'நீ மேடம் பக்கமா, துரோகிகள் பக்கமா?' முதல் கேள்விக்கு 'ஆமாம், அவர்தான் இருக்க வேண்டும், இன்ன இன்ன காரணங்களுக்காக' என்று ஒரு தெளிவான பதில் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாதங்களும் இருந்தன. ஆனால் யாரும் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. கேள்வி கேட்டவர்கள் வெளியே போனார்கள். கேள்வி அந்தரத்தில் நின்றது.

'ராஜினாமா' என்ற நான்கெழுத்துக்கு இவ்வளவு சக்தி எங்கிருந்து வருகிறது? தலைவர் ஒருவர் 'போகிறேன்' என்கிறார். ஜனங்கள் 'போகாதே' என்கிறார்கள். அவர் திரும்பி வருகிறார். இதில் தர்மப்படி யார் யாருக்குக் கடன்பட்டவர்? ராஜினாமா கொடுத்தவருக்குச் சொந்தமா, வாங்க மறுத்தவர்களுக்குச் சொந்தமா?

டீக்கடையில் இதற்கு இரண்டு ரெடிமேட் பதில்கள் கிடைக்கும். 'எல்லாம் டிராமா சார். போற மாதிரி போயி வர்ற மாதிரி வர்றது. சின்ன வயசுல தெருவுல கிரிக்கெட் ஆடும்போது, அவுட் குடுத்தா பேட்டைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போறேன்னு கிளம்புவானே ஒருத்தன், அந்தக் கதைதான்' என்பார் ஒருவர். 'அதெப்படி? ஒரு மனுஷிக்கு ரோஷம் இருக்காதா? கூட இருந்தவங்களே குத்திக் காட்டினா யார்தான் இருப்பாங்க? லட்சக்கணக்கான பேர் வா வான்னு கூப்பிடும்போது வரலேன்னா அதுதான் திமிர்' என்பார் இன்னொருவர்.

இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இரண்டு பேருமே தலைவரின் மனசுக்குள் புகுந்து பார்த்துவிட்டதாக நினைத்துப் பேசுகிறார்கள். ஒருவர் நிஜமாகவே நொந்துபோய் விலகினாரா, கணக்குப் போட்டு விலகினாரா என்று நமக்குத் தெரியாது. சில சமயம் விலகியவருக்கே தெரியாது. அதனால் மனசை விட்டுவிடுவோம். செயல் என்ன செய்தது என்று மட்டும் பார்ப்போம்.

நான் பி.காம். படித்தவன். பார்ட்னர்ஷிப் அக்கவுன்ட்ஸ் என்று ஒரு பாடம் வரும். ஒரு கூட்டு வியாபாரத்தில் கூட்டாளி ஒருவர் விலகினால் கணக்கை எப்படி எழுதுவது? ஆள் போகிறார், பணத்தைக் கொடுத்து அனுப்ப வேண்டியதுதானே என்று தோன்றும். அப்படி இல்லை. அந்த இடத்தில் வாத்தியார் கரும்பலகையில் 'குட்வில்' என்று எழுதுவார். கடையின் நல்ல பேர். கல்லாவில் இருக்கிற ரொக்கத்தையும் குடோனில் இருக்கிற சரக்கையும் தாண்டி, அந்தப் பெயருக்காகவே வாடிக்கையாளர் வருகிறார் பாருங்கள், அதற்கும் ஒரு விலை உண்டு. வருஷா வருஷம் அதை யாரும் உட்கார்ந்து எடை போடுவதில்லை. புதுக் கூட்டாளி உள்ளே வரும்போதோ, பழையவர் விலகும்போதோ, இறக்கும்போதோதான் மதிப்புப் போடுவார்கள்.

அரசியல் தலைவர்களுக்கு இது பாடம் நடத்தாமலேயே தெரிந்திருக்கிறது. இருக்கும்வரை ஒருவரின் மதிப்பு என்ன என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. 'நான் போகிறேன்' என்று ஒரு கடிதம் கொடுத்தால் உடனே மதிப்பீடு ஆரம்பம். வாசலில் எத்தனை பேர் வந்தார்கள், யார் அழுதார்கள், யார் பேசாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாம் பேரேட்டில் ஏறிவிடும். திரும்பி வரும்போது அவர் பழைய விலைக்கு வருவதில்லை. புது விலைக்கு வருகிறார். 1999 மே 24-ம் தேதி வந்த சோனியா, மே 16-ம் தேதி இருந்த சோனியாவைவிடக் கட்சிக்குள் பல மடங்கு பலமானவர். அதற்குப் பிறகு பல வருஷங்களுக்கு அந்தக் கட்சியில் யாரும் அவர் முகத்துக்கு நேரே அப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஆனால் மதிப்பீட்டில் ஓர் ஓட்டை. விலை போட்டவர்கள் எல்லோரும் கடைக்கு உள்ளே இருக்கிறவர்கள். வாடிக்கையாளரை யாரும் கேட்கவில்லை. அவரைக் கேட்டது அந்த வருஷம் செப்டம்பர், அக்டோபரில். 1998-ல் 141 இடம் வாங்கிய காங்கிரஸ், 1999-ல் 114-க்கு இறங்கியது. அதுவரை அந்தக் கட்சி பார்த்ததிலேயே குறைவு. கார்கில் போர் உட்பட அதற்குப் பல காரணங்கள் இருந்தன, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஜன்பத் வாசலில் கேட்ட சத்தத்துக்கும் ஓட்டுப்பெட்டியில் கேட்ட சத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்பது மட்டும் நிச்சயம்.

எல்லா மதிப்பீடும் சாதகமாகவே முடியும் என்றும் இல்லை. 2005 ஜூன். பி.ஜே.பி. தலைவர் அத்வானி பாகிஸ்தான் போனார். கராச்சியில் ஜின்னா சமாதிக்குப் போய், வருகைப் பதிவேட்டில் ஜின்னாவைப் பாராட்டி எழுதினார். இங்கே கொந்தளித்துவிட்டார்கள். ஜூன் 7-ம் தேதி ராஜினாமா. சக தலைவர்கள் சமாதானம் பேசினார்கள், ஒரு தீர்மானம் போட்டார்கள், ஜூன் 10-ம் தேதி ராஜினாமா வாபஸ். பார்த்தால் அதே கதைதான். ஆனால் இங்கே மதிப்பீடு வேறு மாதிரி வந்திருந்தது. அதே வருஷம் செப்டம்பரில், நம்ம சென்னையில் நடந்த தேசிய செயற்குழுவிலேயே, வருஷக் கடைசியில் தலைவர் பதவியை விட்டுவிடுகிறேன் என்று அவர் அறிவிக்க வேண்டியிருந்தது. ராஜ்நாத் சிங் வந்தார். வாபஸ் வாங்கிய ராஜினாமாவின் ஆயுள் ஏழு மாதம்கூட இல்லை. ஜின்னாவைப் பற்றி அவர் எழுதியது சரியா, தப்பா? அந்தக் கேள்வியையும் கட்சி உட்கார்ந்து விவாதித்துத் தீர்க்கவில்லை. ஆள் போனார், கேள்வி அப்படியே கிடந்தது. நான்கு வருஷம் கழித்து, 2009-ல், ஜஸ்வந்த் சிங் ஜின்னாவைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அவரைக் கட்சியை விட்டே நீக்கினார்கள். பதில் சொல்லப்படாத கேள்விகள் வட்டி போட்டுக்கொண்டு திரும்பி வரும்.

'நம்ம ஊர் அரசியலே இப்படித்தான்' என்று சலித்துக்கொள்ள வேண்டாம். எகிப்துக்குப் போவோம்.

1967 ஜூன் மாதம். இஸ்ரேலுடன் ஆறு நாள் போர். எகிப்தின் விமானப்படை முதல் நாளே தரையில் நொறுக்கப்பட்டது. சினாய் முழுவதும் பறிபோனது. ஜூன் 9-ம் தேதி மாலை, ஜனாதிபதி நாசர் டெலிவிஷனில் தோன்றினார். தோல்விக்கு முழுப் பொறுப்பையும் நான் ஏற்கிறேன், எல்லாப் பதவிகளிலிருந்தும் விலகுகிறேன் என்றார். தனக்குப் பின் யார் என்று ஜக்கரியா மொஹிதீன் பெயரையும் சொன்னார்.

பேச்சு முடிவதற்குள் கெய்ரோ தெருக்கள் நிரம்பத் தொடங்கிவிட்டன. போர்க்கால இருட்டடிப்பு. அந்த இருட்டில் ஆண்களும் பெண்களும் அழுதுகொண்டே ஓடி வந்தார்கள். 'நாசர், போகாதே!' மறுநாள் ராஜினாமா வாபஸ்.

ஆளும் கட்சி ஏற்பாடு செய்த கூட்டம் என்று சொல்கிறவர்கள் உண்டு. கொஞ்சம் ஏற்பாடும் இருந்திருக்கலாம். ஆனால் அத்தனை பெரிய ஜனத்திரளை, அத்தனை சீக்கிரத்தில், லாரி வைத்துக் கூட்டிவர முடியாது. அந்த அழுகை நிஜம். அது எதற்கான அழுகை? எனக்குத் தோன்றுவது இதுதான். சூயஸ் கால்வாய்க் கரையில் எதிரி வந்து நிற்கிறான். வீட்டிலிருந்து போன பிள்ளை என்ன ஆனான் என்று தெரியாது. இந்த நேரத்தில் குடும்பத் தலைவர் எழுந்து 'எல்லாம் என் தப்பு, நான் போறேன்' என்றால் வீட்டில் இருப்பவர்கள் என்ன சொல்வார்கள்? 'தப்பு யாருதுன்னு அப்புறம் பாத்துக்கலாம், இப்போ வீட்டை விட்டுப் போகாதே' என்பார்கள். அதைத்தான் எகிப்து சொன்னது.

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். விலகுவது எப்போதும் உயர்ந்த செயல், ஒட்டிக்கொண்டிருப்பது எப்போதும் மட்டமான செயல் என்று நாம் ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறோம். அது சரியில்லை. கப்பல் ஓட்டை விழுந்து தண்ணீர் ஏறும்போது 'பொறுப்பேற்கிறேன்' என்று மாலுமி கடலில் குதித்தால் அது பொறுப்பா, தப்பித்தலா? நாசர் அன்று போயிருந்தால் தோல்வியைச் சுமக்கிற வேலை அடுத்தவர் தலையில் விழுந்திருக்கும். எனவே ஜனங்கள் கூப்பிட்டதும் தப்பில்லை, அவர் திரும்பியதும் அந்த அளவில் தப்பில்லை.

அப்படியென்றால் எங்கே இடிக்கிறது? மறுபடியும் பார்ட்னர்ஷிப் பாடத்துக்கே வருகிறேன். 1932-ம் வருஷத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தில் 32-வது பிரிவு என்று ஒன்று உண்டு. விலகுகிற கூட்டாளிக்கு, அவர் இருந்தபோது கடை வாங்கிய கடனுக்கான பொறுப்பு போய்விடாது. கடன் கொடுத்தவரும் மற்றக் கூட்டாளிகளும் சம்மதித்து விடுவித்தால்தான் உண்டு. 'நான்தான் விலகிட்டேனே' என்று வெளியே நின்றுகொண்டு கையை விரிக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. விலகியதை ஊரறியப் பொது அறிவிப்பு கொடுக்கும்வரை, விலகிய பிறகு நடப்பதற்கும் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

எவ்வளவு நியாயமான சட்டம் பாருங்கள்! வியாபாரிகளுக்காக எழுதியது. தலைவர்களுக்கும் அப்படியே பொருந்துகிறது. விலகுவதால் கடன் அடையாது. விலகிவிட்டுத் திரும்பி வருவதாலும் கடன் அடையாது. கடனை அடைப்பதற்கு ஒரே வழி, கேட்டவர்களுக்குக் கணக்குக் காட்டுவது. ராஜினாமா என்பது கணக்கு நோட்டைத் திறப்பதற்கான அறிகுறி. நம் ஊரிலும் சரி, கெய்ரோவிலும் சரி, திறந்த நோட்டை அழுகைச் சத்தத்தில் மூடிவிடுகிறார்கள்.

நேருவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1958 ஏப்ரல் கடைசியில், காங்கிரஸ் எம்.பி.க்கள் கூட்டத்தில், 'களைத்துப் போயிருக்கிறேன், கொஞ்ச காலம் பொறுப்பிலிருந்து விலகி, தனி மனிதனாக இருக்க வேண்டும்' என்று சொன்னார். அவர் நடிக்கிறார் என்று அவருடைய எதிரிகள்கூடச் சொல்லத் துணிய மாட்டார்கள். பதினோரு வருஷமாகப் பிரதமர். வயது 68. களைப்பு நியாயமானது. ஆனால் கட்சி பதறிவிட்டது. 'நீங்கள் இல்லாவிட்டால் நாங்கள் அநாதை' என்று கெஞ்சினார்கள். சில நாட்களில் அவரும் மனசை மாற்றிக்கொண்டார்.

அன்பில்தான் கெஞ்சினார்கள். சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அன்பு நேருவுக்கு என்ன செய்தது? களைத்த மனிதருக்கு ஓய்வு கிடைக்கவில்லை. 1962-ல் சீனப் போர் வந்து அவரை உடைத்தது. 1964 மே 27-ம் தேதி பதவியிலேயே இறந்தார். 'நேருவுக்குப் பின் யார்?' என்ற கேள்வியை அவர் உயிரோடு, தெம்போடு இருந்தபோதே, அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தீர்த்துக்கொள்ள ஒரு நல்ல சந்தர்ப்பம் 1958-ல் வந்தது. கட்சி அதைக் கண்ணீரால் கழுவிவிட்டது. நாம் ஒருவர் மேல் வைத்திருக்கிற பிரியம், சில சமயம் அவரைச் செக்கு மாடாக்கிவிடுகிறது.

அப்போது, சரியான ராஜினாமா என்று ஒன்று உண்டா? உண்டு. இரண்டு சொல்கிறேன். இரண்டுக்கும் நம்ம ஊரோடு சம்பந்தம் இருக்கிறது.

1956 நவம்பர் 23. அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. அதற்குச் சில மாதங்கள் முன்பு, மெஹபூப்நகர் விபத்தின்போதே ராஜினாமா கொடுத்தவர். அப்போது நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பின் சாஸ்திரி மறுபடி கொடுத்தார். இந்த முறை ஏற்றுக்கொண்டார்கள். பாலம் உடைந்ததற்கு சாஸ்திரி நேரடிக் காரணம் இல்லை என்பது நேருவுக்குத் தெரியும். அரசியல் சட்டப்படியான பொறுப்பு என்றால் என்னவென்று ஒரு முன்னுதாரணம் வேண்டும் என்பதற்காகவே ஏற்பதாகச் சொன்னார்.

சாஸ்திரி மறுபடி அமைச்சர் ஆனார். ஆனால் எப்படி? 1957 தேர்தல் வந்தது, நின்றார், ஜெயித்தார், பிறகுதான் வந்தார். திரும்பி வருவது பாவமில்லை. எந்த வாசல் வழியாக வருகிறோம் என்பது முக்கியம். தொண்டர்களின் கண்ணீர் வழியாக வருவது ஒன்று. வாக்காளரின் ஓட்டு வழியாக வருவது இன்னொன்று.

அடுத்தது, நம்ம காமராஜ். ஒன்பது வருஷத்துக்கும் மேலாக முதலமைச்சர். பள்ளிக்கூடம், மதிய உணவு, அணைக்கட்டு, தொழிற்பேட்டை என்று ஊரே பேர் சொல்லிக்கொண்டிருந்த நேரம். 1963-ல், மூத்த தலைவர்கள் பதவியை விட்டுவிட்டுக் கட்சி வேலைக்கு வர வேண்டும் என்றார். சொன்னதோடு நிற்காமல், காந்தி பிறந்த நாளான அக்டோபர் 2-ம் தேதி நாற்காலியை விட்டு இறங்கினார். பக்தவத்சலம் அதே நாளில் பொறுப்பேற்றார். அந்தத் திட்டத்தின் கீழ் ஆறு முதல்வர்கள், ஆறு மத்திய அமைச்சர்கள் விலகினார்கள். நேருகூட நானும் விலகுகிறேன் என்றார். வழக்கம்போல் அதைக் கட்சி ஏற்கவில்லை.

காமராஜ் போனபோது இங்கே வருத்தம் இல்லையா? நிறைய இருந்தது. 'ஐயா போகக் கூடாது' என்று சொல்லாத ஆள் இல்லை. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் கணக்கே போடாத அப்பாவி என்று நான் சொல்லவில்லை. அடுத்த சில மாதங்களில் அகில இந்திய காங்கிரஸ் தலைவராகி, இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுக்கிற இடத்துக்குப் போனவர்தான். மொரார்ஜி தேசாயை ஓரங்கட்டத்தான் அந்தத் திட்டம் என்று அப்போதே பேச்சு உண்டு. ஆனால் முதலமைச்சர் நாற்காலிக்கு அவர் திரும்பவே இல்லை. அதற்கு விலையும் கொடுத்தார். 1967-ல் இங்கே காங்கிரஸ் ஆட்சி போயிற்று. சொந்த ஊரான விருதுநகரிலேயே அவர் தோற்றார். போனால் போனதுதான் என்று தெரிந்து போவதற்குப் பேர்தான் விலகல். திரும்பும் டிக்கெட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு கிளம்புவதற்கு வேறு பேர்.

சோனியாவுக்கும் நியாயம் செய்ய வேண்டும். 2004 மே மாதம். தேர்தலில் காங்கிரஸ் கூட்டணி ஜெயித்தது. பிரதமர் நாற்காலி தயார். மே 18-ம் தேதி, வேண்டாம் என்றார். மறுபடியும் அதே வாசல், அதே கூட்டம், அதே கண்ணீர். முன்னாள் எம்.பி. ஒருவர் காரின் மேல் ஏறி நின்று, நெற்றிப்பொட்டில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு, 'மேடம் ஒப்புக்கொள்ளாவிட்டால் சுட்டுக்கொள்வேன்' என்றார். டெலிவிஷனில் தேசமே பார்த்தது. இந்த முறை அவர் அசையவில்லை. மன்மோகன் சிங் பிரதமரானார். பத்து வருஷம் அதிகாரம் எங்கே இருந்தது என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும், 1999-ல் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பியவர், 2004-ல் அதைவிடப் பெரிய குரலுக்கு 'இல்லை' என்றார் என்பதை மறைக்க முடியாது. இன்னொரு வேடிக்கை. 1999-ல் நீக்கப்பட்ட சரத் பவார், அந்த வருஷ அக்டோபரிலேயே மகாராஷ்டிராவில் காங்கிரஸோடு கூட்டணி சேர்ந்துவிட்டார். 2004-ல் மத்திய விவசாய அமைச்சர். கொடும்பாவி எரித்த தொண்டரிடம் யாரும் வந்து 'தம்பி, எரிச்சது வேஸ்ட்' என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தத் தொண்டரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வாசலில் அழுகிறவர்களில் இரண்டு ஜாதி உண்டு. கூட்டாளி ஒருவர் விலகினால், மீதியிருக்கிறவர்களில் யார் யாருக்கு எவ்வளவு லாபம் கூடுகிறது என்று கணக்கில் ஒரு விகிதம் போடுவோம். அதே விகிதத்தைத் திருப்பிப் போட்டால் அரசியல் வந்துவிடும். தலைவர் போனால் யார் யாருக்கு எவ்வளவு நஷ்டம்? அந்த நஷ்டத்தின் அளவுக்கு அவரவர் சத்தம் இருக்கும். அவர் பெயரைச் சொல்லி சீட் வாங்குகிறவர், அவர் படத்தைப் போட்டு ஓட்டு வாங்குகிறவர், சொந்தமாகக் கேட்டால் தெருவில் நாலு ஓட்டு விழாதவர். இவர்கள் ஒரு ஜாதி. இவர்கள் அழுவது தலைவருக்காக அல்ல. இன்னொரு ஜாதி, எந்தப் பதவியும் இல்லாமல், சொந்தக் காசில் ரயில் ஏறி வந்து வெயிலில் நிற்கிறவர். அவருக்கு உண்மையான பாசம். முதல் ஜாதிக்காரர்கள் குளிப்பது இரண்டாவது ஜாதிக்காரரின் கண்ணீரில்தான்.

'அப்படியானால் அந்த நல்ல மனிதர் என்ன செய்யணும்கிறீங்க? தலைவர் போறேன்னா, சரி போய்ட்டு வாங்கன்னு கையசைக்கணுமா?' என்று கேட்பீர்கள். கையசைக்க வேண்டாம். கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டால் போதும். 'ஐயா, எதனால் போறீங்க? அந்தக் காரணத்துக்கு என்ன பதில்?' தோற்றதனால் போகிறாரென்றால், ஏன் தோற்றோம் என்ற பதில். சகாக்கள் கேள்வி கேட்டதனால் போகிறாரென்றால், அந்தக் கேள்விக்கான பதில். பதிலை வாங்கிக்கொண்டு, கேள்வி கேட்டவர்களையும் உள்ளேயே வைத்துக்கொண்டு, அதன் பிறகு 'எங்களுக்கு நீங்கள்தான் வேண்டும்' என்று கூப்பிடட்டும். அது அன்பு, அதில் மரியாதையும் இருக்கிறது. பதில் கேட்காமலே கூப்பிடுவது, அவரை மன்னிப்பதுகூட அல்ல. மன்னிக்க வேண்டுமென்றால் முதலில் தப்பு என்னவென்று தெரிய வேண்டுமே!

நிஜமாகவே ஒருவர் போனால் என்ன ஆகிறது என்பதையும் பார்த்துவிட்டோம். 2019 தேர்தல் தோல்விக்குப் பின், மே 25-ம் தேதி ராகுல் காந்தி தலைவர் பதவியிலிருந்து விலகுவதாகச் சொன்னார். காரியக் கமிட்டி ஏற்க மறுத்தது. பழைய திரைக்கதைப்படி அவர் ஒரு வாரத்தில் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. ஜூலை 3-ம் தேதி, தோல்விக்குப் பொறுப்பேற்பதாகவும், கட்சியில் பலரும் பொறுப்பேற்க வேண்டும் என்றும் பகிரங்கமாகவே கடிதம் வெளியிட்டார். கட்சி என்ன செய்தது? ஆகஸ்டில் அவருடைய அம்மாவையே இடைக்காலத் தலைவராக்கியது. அந்த இடைக்காலம் மூன்று வருஷம் நீண்டு, 2022 அக்டோபரில்தான் தேர்தல் நடந்து மல்லிகார்ஜுன கார்கே தலைவரானார். அத்தனை வருஷமாகத் தலைவர்களைத் திருப்பிக் கூப்பிட்டே பழகிய கட்சிக்கு, வராத தலைவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. கெஞ்சுவதற்குப் பயிற்சி இருந்தது. தேர்ந்தெடுப்பதற்குப் பயிற்சி இல்லை.

ராஜினாமா யாருக்குச் சொந்தம்? என் பதில், அது எந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததோ அந்தக் கேள்விக்குச் சொந்தம். தலைவர் அதைக் கேடயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தொண்டர் அதைக் கண்ணீர்விட்டு அழிக்கவும் கூடாது.

கெய்ரோ கதையை நான் முழுசாகச் சொல்லவில்லை. 1967 ஜூனில் நாசரைப் போகவிடாமல் தடுத்த நகரம், எட்டு மாதம் கழித்து மறுபடி தெருவில் இறங்கியது. விமானப்படை அதிகாரிகள் மீதான வழக்கில் 1968 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அத்தனை பெரிய தோல்விக்கு இவ்வளவு லேசான தண்டனையா என்று ஹெல்வான் தொழிலாளர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் ஊர்வலம் போனார்கள். நாசர் ஆட்சியில் அப்படி ஒரு எதிர்ப்பு அபூர்வம். மறுவிசாரணைக்கு உத்தரவிட வேண்டியதாயிற்று. மார்ச் 30-ம் தேதி அவர் சீர்திருத்தத் திட்டம் ஒன்றையும் அறிவித்தார்.

'போகாதே' என்று அழுததும் அந்த ஜனங்கள்தான். 'கணக்கைச் சொல்' என்று கேட்டதும் அந்த ஜனங்கள்தான். இரண்டாவதைக் கேட்டதனால் அவர்களுடைய பிரியம் குறைந்துவிடவில்லை. 1970-ல் நாசர் இறந்தபோது கெய்ரோ தெருக்களில் லட்சக்கணக்கில் திரண்டு அழுதவர்களும் அவர்கள்தான்.

நம் ஊரில் முதல் பாதியை நன்றாகவே செய்துவிடுகிறோம். அந்த இரண்டாவது ஊர்வலம்தான் இன்னும் புறப்படவில்லை.